கேமிங் பிசி: ரெடிமேடா, அசெம்பிளா? நீலகிரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பகுதிகளில் முதல் முறையாக கேமிங் பிசி வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். சமவெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லப்படும் ஆலோசனையில் பாதி இங்கும் பொருந்தும். மீதியை மின்சாரம், ஈரம், சர்வீஸ் சென்டர் இருக்கும் தூரம் ஆகிய மூன்றும் மாற்றிவிடுகின்றன.

ஒரே வரியில் சொல்லுங்கள், எதை வாங்கலாம்?

வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தயங்காத ஒருவர் இருந்தால், பாகங்களாக வாங்கி அசெம்பிள் செய்யுங்கள்.

இதற்கு முதல் காரணம் விலை அல்ல, பழுது. ரெடிமேட் பிசியில் எது கெட்டாலும் பல நேரம் முழுப் பெட்டியையும் மலையிறக்க வேண்டியிருக்கும். பத்துப் பன்னிரண்டு கிலோ பெட்டி, கண்ணாடிக் கதவு, உள்ளே கனமான கிராபிக்ஸ் கார்டு. அதே பிசியைப் பாகங்களாக வாங்கியிருந்தால் கெட்ட பாகம் மட்டும் கூரியரில் போய்வரும். கோவையில் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருப்பவருக்கு இது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. தேவாலாவிலோ கீழ்க்கோத்தகிரியிலோ இருப்பவருக்கு இதுதான் முதல் கேள்வி.

பாகங்களாக வாங்கினால் எவ்வளவு மிச்சமாகும்?

நிலையான பதில் கிடையாது. 2025 கடைசியில் ராம் விலை கடுமையாக ஏறியது, எஸ்எஸ்டி விலையும் கூடவே ஏறியது. அப்படிப்பட்ட நேரத்தில், பழைய விலைக்கு வாங்கிய ராமைப் போட்டு ஏற்கெனவே கட்டி வைத்த ரெடிமேட் பிசி மலிவாகக் கிடைக்கலாம். ஆறு மாதத்துக்கு முந்தைய வீடியோவில் சொன்ன விலையை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

ஒப்பிடும்போது ஒரே நாளில் ஒப்பிடுங்கள். ரெடிமேட் பிசியில் உள்ள பிராசசர், மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), கேபினெட் ஆகியவற்றின் மாடல் எண்களை எழுதி, ஒவ்வொன்றின் அன்றைய விலையையும் இரண்டு கடைகளில் பாருங்கள். அதோடு விண்டோஸ் லைசென்ஸ், கூரியர், அசெம்பிள் கூலி ஆகியவற்றைச் சேருங்கள். பலர் விண்டோஸை மறந்துவிட்டு "பெரிய லாபம்" என்கிறார்கள். ஜிஎஸ்டி இரண்டு வழிக்கும் 18 சதவீதம்தான், அதில் வித்தியாசம் வராது. கூட்டிப் பார்த்த பிறகு ரெடிமேட் பிசி ஐந்து சதவீதம் மட்டும் கூடுதலாக இருந்து, பாகங்களும் தரமாக இருந்தால், அதை வாங்குவதில் தவறே இல்லை.

மாடல் எண்களை எழுத முடியவில்லை என்றால்? அதாவது விளம்பரத்தில் "16 ஜிபி ராம், 650 வாட் பவர் சப்ளை" என்று மட்டும் இருந்து, யாருடைய தயாரிப்பு என்று இல்லை என்றால்? விற்பவரிடம் கேளுங்கள். சொல்ல மறுத்தால் விட்டுவிடுங்கள்.

"ஐ7 கேமிங் பிசி, மிகக் குறைந்த விலை" என்று வரும் விளம்பரங்களை நம்பலாமா?

வேண்டாம். அதில் "ஐ7" என்று இருக்கும், எத்தனையாவது தலைமுறை என்று இருக்காது. திறந்து பார்த்தால் 2011, 2012 காலத்து ஐ7 2600 அல்லது 3770, அலுவலகங்கள் கழித்துப்போட்டது. கிராபிக்ஸ் கார்டு ஜிடி 730. வண்ண விளக்கு ஃபேன்கள் நாலைந்து மின்னும். இந்தப் பிராசசர்களில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது.

நல்ல கடைகளின் ரெடிமேட் பிசியிலும் காசை மிச்சம் பிடிக்கும் இடங்கள் சில உண்டு. 16 ஜிபி ராமை இரண்டு எட்டாகப் போடாமல் ஒரே பதினாறாகப் போடுவார்கள், ராமுக்கும் பிராசசருக்கும் நடுவே டேட்டா போய்வரும் வழி பாதியாகிவிடும். ஆர்டிஎக்ஸ் 3050 என்று எழுதியிருக்கும். அதில் 6 ஜிபி கார்டும் உண்டு, 8 ஜிபி கார்டும் உண்டு, 6 ஜிபி கார்டில் கோர்களும் குறைவு, மெமரி வழியும் குறுகல். பெரிய பிராண்டுகளின் சில பெட்டிகளில் மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் அந்தக் கம்பெனிக்கே உரிய வடிவில் இருக்கும். வாரண்டி முடிந்தபின் வெளியில் வாங்கி மாட்ட முடியாது.

எல்லாவற்றையும்விட எஸ்எம்பிஎஸ் லேபிளைப் பாருங்கள். "450 வாட்" என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். கீழே கட்டம் போட்ட அட்டவணையில் +12வி என்ற பத்தியில் 18ஏ என்று சின்னதாக இருக்கும். 12ஐ 18ஆல் பெருக்கினால் 216 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் இழுப்பது இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். ஆக அது 216 வாட் எஸ்எம்பிஎஸ், 450 என்பது பெயருக்கு. தரமான 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அதே கட்டத்தில் 45 ஆம்பியர் பக்கம் இருக்கும்.

ரெடிமேட் பிசிக்கு "ஆன்சைட் வாரண்டி" இருக்கிறதே, டெக்னீஷியன் வீட்டுக்கே வருவாரே?

643 என்று தொடங்கும் உங்கள் பின்கோடுக்கு வருவார்களா என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். "இந்தியா முழுவதும்" என்ற சொல் போதாது. பல கம்பெனிகளின் ஆன்சைட் சேவை, சர்வீஸ் சென்டரிலிருந்து குறிப்பிட்ட கிலோமீட்டருக்குள் மட்டுமே. அதைத் தாண்டினால் நீங்களே கொண்டுவந்து தர வேண்டும், அல்லது நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். ஊட்டி, குன்னூர் டவுனுக்குள் வருகிறவர்கள் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு வருவார்கள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

காலத்தையும் பாருங்கள். ரெடிமேட் பெட்டிக்குப் பெரும்பாலும் மொத்தமாக ஓராண்டு. பாகங்களாக வாங்கினால் பெட்டியில் அடைத்து வரும் பிராசசருக்கு 3 ஆண்டு, கிராபிக்ஸ் கார்டுக்குப் பெரும்பாலும் 3, எஸ்எஸ்டிக்கு 3 முதல் 5, நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 5 முதல் 10. பெட்டியில்லாமல் "ட்ரே" பிராசசர் வாங்கினால் கம்பெனி வாரண்டி உங்களுக்குக் கிடையாது, கடைக்காரர் சொல்வதுதான் வாரண்டி.

நானே மாட்டப் பயமாக இருக்கிறது. நடுவழி உண்டா?

உண்டு, பலருக்கும் அதுதான் சரி. பாகங்களை நீங்கள் தேர்ந்தெடுங்கள், ஒரே கடையில் வாங்குங்கள், அவர்களையே மாட்டச் சொல்லுங்கள். கோவையில் இதைச் செய்யும் கடைகள் நிறைய. கூடலூர்க்காரர்களுக்கு மைசூரு பக்கம். பில்லில் ஒவ்வொரு பாகமும் மாடல் பெயரோடும் சீரியல் எண்ணோடும் தனித்தனியாக இருக்க வேண்டும். காலி அட்டைப்பெட்டிகள் அனைத்தையும் கேட்டு வாங்குங்கள். கிளம்பும் முன் அங்கேயே ஒரு மணி நேரம் கேம் ஓடவிட்டுப் பார்த்துவிடுங்கள். கீழேயே தெரிந்திருக்கக்கூடிய குறையை மேலே வந்து கண்டுபிடிப்பது வீண் அலைச்சல்.

என்னென்ன பாகம் போடலாம்? 1080பி மானிட்டருக்கு ஒரு பட்டியல் கொடுங்கள்.

ரைசன் 5 7600, பி650 மதர்போர்டு (வைஃபை உள்ளது), டிடிஆர்5 6000 வேகத்தில் இரண்டு 8 ஜிபி அல்லது இரண்டு 16 ஜிபி ராம், 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, ஆர்டிஎக்ஸ் 5060 8 ஜிபி அல்லது ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி, 550 முதல் 650 வாட் வரை கோல்டு தர எஸ்எம்பிஎஸ், முன்பக்கம் வலையுள்ள கேபினெட். கிராபிக்ஸ் கார்டில் 16 ஜிபி பக்கமே எங்கள் சாய்வு. புதிய கேம்களில் 8 ஜிபி இப்போதே இறுக்கமாகிறது.

பிராசசரில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கொஞ்சம் மலிவு என்று 7500எஃப் வாங்கச் சொல்வார்கள். விளையாட்டு வேகத்தில் பெரிய குறையில்லை, ஆனால் அதில் உள்கிராபிக்ஸ் இல்லை. 7600ல் உண்டு. கிராபிக்ஸ் கார்டு கெட்டு வாரண்டிக்குப் போனால் திரும்பிவர வாரக்கணக்கில் ஆகலாம். 7600 இருந்தால் மானிட்டர் வயரை மதர்போர்டில் செருகி, கல்லூரி வேலை, பில்லிங் வேலை, சினிமா எல்லாம் நடக்கும். 7500எஃப் இருந்தால் கார்டு வரும்வரை திரை இருட்டு. சமவெளியில் இது சின்ன வசதி, இங்கே அவசியம். ராமை இரண்டாகப் போடுவதிலும் இதே லாபம் உண்டு, ஒன்று போனாலும் மற்றொன்றில் ஓடும்.

7600 பெட்டியிலேயே கூலர் வருகிறது, முதலில் அது போதும்.

மலைக்காற்று மெல்லியது என்கிறார்களே, பிசி சூடாகுமா?

ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட நாலில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் தள்ளும் காற்றின் எடை குறைவு, அதனால் எடுத்துச் செல்லும் சூடும் குறைவு. சமவெளியில் பிராசசர் அறை வெப்பத்தைவிட 40 டிகிரி மேலே போகும் என்றால் இங்கே 45 முதல் 48 வரை போகலாம். ஆனால் அறையே 16, 18 டிகிரியில் இருக்கிறது. 18 உடன் 48 சேர்ந்தால் 66. சென்னையில் 33 உடன் 40 சேர்ந்தால் 73. கணக்கில் ஊட்டி ஜெயிக்கிறது.

எனவே வாட்டர் கூலருக்குக் காசு போடாதீர்கள். கூடலூர் 1,000 மீட்டர் பக்கம்தான், வெயில் காலத்தில் அறை சூடாகவே இருக்கும். அங்கே பின்னால் ஒன்று, முன்னால் இரண்டு ஃபேன் வையுங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸில் மலை படம் போட்டு 2000 மீ என்று இருக்கிறது. அது என்ன?

2,000 மீட்டருக்குக் கீழே பயன்படுத்துவதற்காகச் சோதிக்கப்பட்டது என்று பொருள். காற்று மெலிந்தால் அதன் மின்காப்புத் திறனும் குறையும், அதனால் உயரமான இடத்துக்கான எஸ்எம்பிஎஸ்ஸில் மின்முனைகளுக்கு நடுவே கூடுதல் இடைவெளி வேண்டும். குன்னூரும் கோத்தகிரியும் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் வரும், ஊட்டி கொஞ்சம் மேலே. 2,240 மீட்டரில் போட்டவுடன் வெடிக்காது. ஆனாலும் புதிதாக வாங்கும்போது 5,000 மீட்டர் என்று குறித்திருப்பதைத் தேடி வாங்குங்கள். சாதாரண ஹார்டு டிஸ்க்குகளின் வரம்பு ஏறக்குறைய 3,000 மீட்டர், அதில் கவலையில்லை.

கரண்ட் அடிக்கடி போகிறது, வோல்டேஜும் ஆடுகிறது. என்ன செய்ய?

முதலில் எர்த். கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? உங்கள் பிளக் பாயின்ட்டில் எர்த் வேலை செய்யவில்லை. பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை பெயரளவுக்குத்தான் இருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள்: லைனுக்கும் நியூட்ரலுக்கும் 230 பக்கம், லைனுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். இது சரியாகாமல் சர்ஜ் ப்ரொடெக்டர் வாங்கிப் பயனில்லை, அது அதிக மின்னழுத்தத்தைத் தள்ளிவிட எர்த் வேண்டும்.

வோல்டேஜ் குறைவதை மட்டும் நல்ல எஸ்எம்பிஎஸ் தாங்கும், அதன் லேபிளில் 100-240வி என்று இருக்கும். 200-240வி என்று மட்டும் இருந்தால் லைன் கடைசியில் இருக்கும் வீடுகளில் மாலை ஆறு மணிக்குமேல் திடீர் திடீரென அணைந்து எழும்.

அடுத்து யுபிஎஸ். மேலே சொன்ன பிசி முழு வேகத்தில் 300 வாட் பக்கம் இழுக்கும், மானிட்டருக்கு 30. 600 விஏ யுபிஎஸ் தருவது 360 வாட்தான், அது விளிம்பு. 1000 அல்லது 1100 விஏ லைன் இன்டராக்டிவ் (வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தைத் தானே சரிசெய்யும் வகை) வாங்குங்கள். சேவ் செய்து அணைக்கச் சில நிமிடம் கிடைக்கும், அது போதும். வீட்டு இன்வர்ட்டரில் ஓட்டுவதானால் சைன் வேவ் இன்வர்ட்டர் வேண்டும். ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டருக்குப் பின்னால் யுபிஎஸ் வைத்தால், அந்த மின்சாரத்தைக் கெட்டது என்று கருதி யுபிஎஸ் தன் பேட்டரியிலேயே ஓடித் தீர்ந்துவிடும்.

இடி இடிக்கும் ஏப்ரல், மே மாலைகளில் பிளக்கைப் பிடுங்குங்கள். நெட் வயரையும்தான். மின்னல் இரண்டு வழியிலும் வரும்.

மிஸ்ட்டும் மழையும் உள்ளே போய் போர்டு கெடுமா?

தினமும் ஓடும் பிசிக்கு ஈரம் பெரிய எதிரி அல்ல, சூடே அதை விரட்டிவிடும். பூட்டி வைத்த பிசிதான் கெடும். வெளியூரில் படிக்கும் பிள்ளை விடுமுறைக்கு வந்து போட்டால் ஓடாத பிசிகளில் பலவற்றில் ராமின் தங்க நிறக் கால்களிலும் கனெக்டர்களிலும் படலம் படிந்திருக்கும். தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், பந்தலூர் பக்கமும் வடகிழக்குப் பருவத்தில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் வாரத்துக்கு இரண்டு முறையாவது ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். வெளிச்சுவரில் ஒட்டி வைக்காதீர்கள், தரையில் வைக்காதீர்கள், ஜன்னலோரம் வேண்டவே வேண்டாம். சிலிக்கா ஜெல்லை காற்றோட்டமுள்ள கேபினெட்டுக்குள் போடுவதால் பயனில்லை. உதிரிப் பாகங்களை மூடிய டப்பாவில் வைக்கும்போது போடுங்கள்.

இரவுக் குளிரில் கிடந்த பிசியைச் சூடான, ஈரமான இடத்துக்குக் கொண்டுபோனவுடன் போடக்கூடாது. ஜனவரி விடியலில் ஊட்டியிலிருந்து கிளம்பி மேட்டுப்பாளையம் இறங்கினால் குளிர்ந்த உலோகத்தில் நீர் பூக்கும். மூடிய பெட்டியிலேயே மூன்று மணி நேரம் விட்டுப் பிறகு போடுங்கள்.

கோவையில் மாட்டிய பிசியை மேலே எப்படிக் கொண்டுவருவது?

கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் பெட்டியில் வையுங்கள். கல்லாறு தாண்டியதும் வரும் கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு கிலோ கார்டு ஆடினால் ஸ்லாட் விரியும், சில நேரம் கார்டே விரிசல் விடும். உயரமான டவர் கூலர் இருந்தால் அதையும் கழற்றுவது நல்லது. கேபினெட்டை நிமிர்த்தி வைக்காமல், கண்ணாடி மேலே பார்க்கும்படி மதர்போர்டு தரைக்கு இணையாகப் படுக்க வையுங்கள். அடியில் கம்பளி. பஸ்ஸென்றால் மேலே கேரியரில் போடாதீர்கள், கடைசி சீட்டும் வேண்டாம்.

கூரியரில் வரும் ரெடிமேட் பிசியைத் திறக்கும்போது வீடியோ எடுங்கள். மின்சாரம் கொடுக்கும் முன் கண்ணாடியைக் கழற்றி உள்ளே அடைத்திருக்கும் ஃபோம், காற்றுப் பைகளை எடுங்கள்.

நானே மாட்டுவதானால் எந்த வரிசையில்? எங்கே தவறு நடக்கும்?

பெரிய பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர், எஸ்எஸ்டியைப் பொருத்தும் எம்.2 திருகுக்குச் சிறியது ஒன்று, டார்ச், ஒரு கட்டு கேபிள் டை. ஸ்வெட்டரையும் சால்வையையும் கழற்றிவிட்டு உட்காருங்கள். பனிக்காலத்தின் வறண்ட பகலில் கம்பளித் துணி உரசி வரும் ஸ்டாட்டிக் ஒரு தொடுதலில் ராமைக் கொல்லக்கூடும். அவ்வப்போது கேபினெட் இரும்பைத் தொடுங்கள்.

மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டிமேல் வைத்து முதலில் பிராசசர். ஏஎம்5ல் (7600 உட்காரும் சாக்கெட்) ஊசிகள் போர்டில்தான் இருக்கின்றன. முக்கோணக் குறியைப் பொருத்திப் பிராசசரை மேலிருந்து நேராக வையுங்கள், தேய்க்காதீர்கள், அழுத்தாதீர்கள். லீவர் இறுகும்போது கறுப்பு மூடி தானாகத் தெறித்து வரும். அதைத் தூக்கி எறியாதீர்கள். வாரண்டிக்குப் போர்டை அனுப்பும்போது மூடி இல்லாவிட்டால் மறுத்துவிடுவார்கள். பிறகு எஸ்எஸ்டி, பிறகு ராம்: நாலு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நாலாவதுமான ஸ்லாட்டுகளில், கிளிக் சத்தம் வரும்வரை. கூலரின் அடியில் சூடு கடத்தும் பேஸ்ட் ஏற்கெனவே பூசியிருந்தால் மேலும் பூச வேண்டாம். தனியாக வாங்கிய கூலரென்றால் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். திருகுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள்.

கேபினெட்டில் போர்டின் ஓட்டைகளுக்கு நேராக மட்டும் ஸ்டாண்டாஃப் (போர்டைத் தாங்கும் சிறு உலோகத் தூண்) இருக்க வேண்டும். ஒன்று தப்பான இடத்தில் நின்றால் போர்டின் அடியில் ஷார்ட் ஆகும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் சிபியு வயர் (பிராசசருக்கு), பிசிஐஇ வயர் (கிராபிக்ஸ் கார்டுக்கு) இரண்டுக்கும் எட்டு முனை. சிபியு வயர் நாலும் நாலுமாகப் பிரியும், பிசிஐஇ வயர் ஆறும் இரண்டுமாகப் பிரியும். நுழையவில்லை என்றால் தப்பான வயர், அமுக்காதீர்கள். பழைய மாடுலர் (வயர் தனியாகக் கழன்று வரும்) எஸ்எம்பிஎஸ்ஸின் வயரைப் புதியதில் ஒருபோதும் செருகக்கூடாது. முனை பொருந்தும், உள்ளே வோல்ட் மாறியிருக்கலாம், மாறியிருந்தால் போர்டும் எஸ்எஸ்டியும் ஒரு நொடியில் போய்விடும்.

எல்லாம் மாட்டிவிட்டேன், ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை!

முதலில் பொறுங்கள். டிடிஆர்5 ராமை முதல் முறை போடும்போது போர்டு அதைப் பழக்கிக்கொள்ள சில நிமிடங்கள் எடுக்கும். திரை கறுப்பாகவே இருக்கும், போர்டில் டிராம் (DRAM) என்று எழுதிய இடத்தில் மஞ்சள் விளக்கு எரியும். பயந்து அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. பத்து நிமிடம் கடிகாரம் பார்த்துக் காத்திருங்கள்.

அதன் பிறகும் வரவில்லையா? மானிட்டர் வயர் கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறதா, சிபியு எட்டு முனை வயர் மாட்டினீர்களா, ராம் முழுவதும் இறங்கியதா என்று இந்த வரிசையிலேயே பாருங்கள். பிறகு ஒரே ஒரு ராமை இரண்டாவது ஸ்லாட்டில் வைத்து முயலுங்கள். கார்டைக் கழற்றி, மதர்போர்டின் எச்டிஎம்ஐ வழியாகவும் பாருங்கள். இங்கும் 7600 கைகொடுக்கும்.

விண்டோஸ் போடும்போது நெட் கேட்கிறது, வைஃபை தெரியவே இல்லை.

புதிய போர்டுகளின் வைஃபை டிரைவர் (வைஃபையை இயக்கும் மென்பொருள்) பல நேரம் விண்டோஸுக்குள் இருக்காது. மதர்போர்டு கம்பெனி தளத்திலிருந்து லேன், வைஃபை டிரைவர்களை முன்கூட்டியே பெண்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி வயரில் மாட்டி டெதரிங் போட்டால் பெரும்பாலும் வேலை செய்யும்.

வேலரன்ட் கேம் விளையாடுபவர்கள் கவனிக்க: விண்டோஸ் 11ல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இயங்கினால்தான் அது ஓடும். பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் போர்டின் செட்டிங்ஸ் பக்கம்) செக்யூர் பூட்டை இயக்குங்கள். அங்கேயே எக்ஸ்போவையும் (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) இயக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் 6000 வேக ராம் 4800 போன்ற குறைந்த வேகத்தில்தான் ஓடும். ரெடிமேட் பிசியிலும் இதைப் பாருங்கள், பல கடைகள் போடாமலே அனுப்பிவிடுகின்றன.

பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா?

நேரில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க முடிந்தால், வாரண்டி மீதமிருந்து பில்லும் தந்தால் வாங்கலாம். கூரியரில் வேண்டாம். பழைய எஸ்எம்பிஎஸ் மட்டும் எந்த விலையிலும் வேண்டாம்.